கணையத்துக் கேட் கீப்பர்கள்

"எதுவும் சாப்பிடலைல்லா அண்ணாச்சி?" என்று ரத்தம் எடுக்கிற பெண் கேட்டாள். "பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணும் பல்லுல படல," என்றார் தஸ்நேவிஸ். அவள் ஊசியைக் குத்தினாள், குழாயில் ரத்தம் ஏறியது, பஞ்சை வைத்து முழங்கையை மடக்கச் சொன்னாள், பிறகு ஒரு பெரிய டம்ளர் நிறைய வெனிலா வாசனையடிக்கும் சத்துமாவுக் கரைசலைக் கொடுத்து மடமடவென்று குடிக்கச் சொன்னாள். குடித்தார். இனி இரண்டு மணி நேரம் நடக்காமல், தின்னாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அதன் பிறகு இன்னொரு தடவை ரத்தம். அந்தத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக் கூடத்து நாற்காலி வரிசையில் மனைவி கொரற்றியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, அப்பாடா என்று மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபோதுதான் நாக்கு தன்பாட்டுக்கு மேலண்ணத்தைத் தொட்டது. அங்கே இப்போது ஒன்றும் இல்லை. விடிகாலையில் இருந்தது. பழையகாயல் கோயிலில் முதல் பூசைக்குப் போய், சாமியார் கையிலிருந்து நற்கருணை நன்மை வாங்கி, அந்தக் காகிதம் மாதிரியான கோதுமை அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததே. பரிசோதனை நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான் போனார். வேண்டிக்கொண்டதே பரிசோதனையைக் கெடுத்துவிட்டதா?

இத்தனைக்கும் நேற்று ராத்திரியே கொரற்றி பிஸ்கட் டப்பாவை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள். காப்பிச் சட்டியை அடுப்பிலேற்றவில்லை. வெறும் வயிறு, வெறும் வயிறு என்று மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தவளும் அதே பூசையில் பெண்கள் பக்கம் நின்று அவர் நாக்கை நீட்டியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும், சின்ன வயதிலிருந்து நன்மை எடுக்கப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்று வளர்ந்தவர்கள், வெறும் வயிறு என்றாலே பூசைக்குப் போகிற வயிறு என்றுதானே அவர்களுக்கு அர்த்தம். நன்மை எடுத்ததைச் சாப்பிட்ட கணக்கில் யார் சேர்ப்பார்கள். சாப்பிட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னால் ஆண்டவரைக் கோதுமை என்று சொன்னதாக ஆகாதா. சாப்பிடவில்லை என்று சாதித்தால் வயிற்றுக்குள் போன கோதுமை சும்மா இருக்குமா. சாமியார் சொல்லுவது ஒன்று, மெஷின் சொல்லுவது ஒன்று. மெஷினுக்கு ஞானோபதேசம் யார் சொல்லிக்கொடுப்பது. பல்லில் படவில்லை என்று சொன்னது மட்டும் சத்தியமான வார்த்தை, நற்கருணையைக் கடிக்கக் கூடாது என்று சின்ன வயதில் புதுநன்மை எடுத்த நாளிலிருந்து அவர் ஒருநாளும் பல்லால் தொட்டதில்லை. இந்த வக்கீல் பேச்சு யாரிடம் எடுபடும் தஸ்நேவிஸ் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பக்கத்தில் கொரற்றி கண்ணை மூடிச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள், அல்லது தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்கு இரண்டுக்கும் முகம் ஒன்றுதான்.

இந்தப் பரிசோதனையை லேசாக நினைத்துவிட முடியாது. பஸ் ஸ்டியரிங்கை மறுபடி பிடிக்கலாமா, ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டுமா என்பது அந்தக் குழாய் ரத்தத்தில்தான் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகிற 'பொற்கொடி' பஸ் அவருடைய பஸ், சொந்தக்காரர் தனசிங் முதலாளி என்றாலும் அவருடைய பஸ்தான். முள்ளக்காட்டு உப்பளத்தில் வெயில் கண்ணைக் குத்தும் நேரமும் தெரியும், முக்காணி தாண்டி ஆற்றுப் பாலத்தில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வண்டியைத் தள்ளும் என்பதும் தெரியும். அந்தப் பாலத்தில்தான் நடந்தது. சர்க்கரை தாறுமாறாக ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்து, இன்சுலின் ஊசி போட ஆரம்பித்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அன்று ஊசியைப் போட்டுவிட்டார், இட்லி சாப்பிட நேரமில்லை, வண்டி கிளம்பிவிட்டது. பாலத்தில் ஏறும்போது கைப்பிடிச் சுவர் இரண்டாகத் தெரிந்தது. உடம்பெல்லாம் வேர்வை. முன்னால் போன மாட்டு வண்டி சின்னதாகி, பெரிதாகி, சின்னதாகி. யாரோ தூரத்தில் கெட்டித் துணிக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரிக் கேட்டது. எப்படி வண்டியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இடது ஓரத்தில் நிறுத்தினார் என்பது இன்றைக்கும் தெரியாது, கால் தானாகப் போய் பிரேக்கில் நின்றிருக்கிறது. கண்டக்டர் பேச்சிமுத்து ஓடிவந்து, "அண்ணே, அண்ணே," என்று கன்னத்தைத் தட்ட, உடன்குடிக்குப் போகிற ஒரு அம்மா ஓலைப் பெட்டியைத் திறந்து சில்லுக்கருப்பட்டியை உடைத்து அவர் வாய்க்குள் திணித்தாள். அந்த அம்மா யார், என்ன பேர், ஒன்றும் தெரியாது. கருப்பட்டியில் இருந்த சுக்கு வாசனையும் அவள் விரலில் இருந்த வெற்றிலை வாசனையும் மட்டும் இருக்கிறது. ஆண்டவரே அவளை நல்லா வச்சிருக்கணும் என்று பூசையில் தினமும் பேர் தெரியாத அந்த அம்மாவுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுகிறார். வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள், ஒரு கைக்குழந்தைகூட இருந்தது. தனசிங் முதலாளி திட்டவில்லை. "ஊசி போடுற வரைக்கும் ஸ்டியரிங் வேண்டாம்யா, ஷெட்ல இரு," என்றார். நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் அழக்கூட முடியவில்லை.

அதற்கப்புறம் அந்த ஊசியைப் பார்த்தாலே அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். வேலையைப் பிடுங்கிக்கொண்ட ஊசி, சனியன். வயிற்றில் குத்திக்கொள்ளும்போது கடன்காரனைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பார். பெங்களூரில் ஆராய்ச்சி பண்ணுகிற மகள் அமலிதான் ஒருநாள் போனில் கத்தினாள். "அப்பா, அந்த ஊசிய ஏம்பா திட்டுறீங்க? அது உங்க செல்லுக்கு லீவு குடுத்திருக்குப்பா." அமலியின் ஆராய்ச்சியே அதுதான், கணையத்தில் இருக்கிற செல் தான் யார் என்பதை எப்படி மறக்காமல் இருக்கிறது என்று எலியை வைத்துப் பார்க்கிறாள். அவள் சொன்னது அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. உடம்பில் உள்ள எல்லாச் செல்லுக்குள்ளும் ஒரே எழுத்துதான் எழுதியிருக்கிறதாம். கண்ணில் இருக்கிற செல்லுக்கும் குடலில் இருக்கிற செல்லுக்கும் இன்சுலின் செய்கிற செல்லுக்கும் எழுத்தில் ஒரு மாற்றமும் கிடையாதாம். "அப்போ கண்ணு ஏன் இன்சுலின் சுரக்க மாட்டேங்கு?" என்று கேட்டார். அமலி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், அதுதான் அவருக்கு அப்படியே பதிந்துவிட்டது. "உங்க ரூட்டையே எடுத்துக்கோங்கப்பா. வண்டிக்கு எந்த ரோட்லயும் போகத் தெரியும். ஏரல் ரோட்டுல திரும்பலாம், சாயர்புரம் ரோட்டுல திரும்பலாம். ஆனா ஒவ்வொரு கிளை ரோட்லயும் கேட் போட்டு ஒரு கேட் கீப்பர் நிக்கான்னு வச்சுக்கோங்க. போக வேண்டிய ரோடு மட்டும் தொறந்திருக்கும். அதனால அது திருச்செந்தூர் வண்டி." எழுத்தின் மேல் சின்னச் சின்ன ரசாயனப் பொட்டுகள் இருக்கிறதாம், அந்த எழுத்து சுற்றியிருக்கிற உருண்டைகள் மேலும் இருக்கிறதாம், அவைதான் இதைப் படி, இதைப் படிக்காதே என்று காவல் நிற்கின்றன. "ஒரு தடவ பூட்டிட்டா போதும்லா?" என்று கேட்டார் தஸ்நேவிஸ். "அதான் இல்லப்பா. ஆயுசு பூராவும் நிக்கணும். பொட்டு அழியும், திருப்பி வைக்கணும். செல்லு ரெண்டாப் பிரிஞ்சா ரெண்டுலயும் வைக்கணும். நான் எலியில ஒரே ஒரு கேட் கீப்பரத்தான் எடுத்தேன். ஒரே நாள்ல ஒண்ணும் ஆகல. மெல்ல மெல்ல அந்தச் செல்லு தான் யாருன்னே மறந்துட்டு." அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. எலிக்காக வருத்தப்படுகிற பிள்ளை. இவளை வளர்த்தவள் கொரற்றிதான், நான் வண்டியில் கிடந்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

சாகவில்லையாம், மறந்துதான் போகிறதாம். அந்த வார்த்தை அவரை விடவே இல்லை. ரத்தத்தில் சர்க்கரை மாதக்கணக்கில் வெள்ளமாக நின்றால் கேட் கீப்பர்கள் ஒவ்வொருவராகத் தடுமாறிப் போகிறார்கள், செல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆனால் இன்சுலின் செய்வதை விட்டுவிடுகிறது, சிறுபிள்ளையாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஒன்றுக்கும் ஆகாமல் முழிக்கிறது, சிலது சர்க்கரையை ஏற்றுகிற எதிர்க்கட்சி வேலையைக்கூடப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறதாம். வெளியிலிருந்து ஊசி போட்டு வெள்ளத்தை வடியவிட்டால் அதுகளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும், கேட்டெல்லாம் பழையபடி விழும், சிலதுக்கு ஞாபகம் திரும்பும். "எல்லாருக்கும் திரும்பாதுப்பா, ரொம்ப ஆசைய வளத்துக்காதீங்க," என்றும் அமலி சொல்லியிருந்தாள். அன்று ராத்திரி ஊசி போடும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்த வயிற்றுக்குள் யாரோ நின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள். முள்ளக்காட்டு வெயிலில் அவர் டீயும் பஜ்ஜியுமாகத் தள்ளியபோதும், அமலி பிறந்தநாளன்று டிப்போ முழுக்க லட்டு கொடுத்து தானும் நாலு தின்றபோதும், ஏரல் ரோட்டில் திரும்பாதே, சாயர்புரம் ரோட்டில் திரும்பாதே என்று ராவும் பகலும் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் லீவு உண்டா, பேட்டா உண்டா, தீபாவளி போனஸ் உண்டா. அவர் ஒரு தடவை நன்றி சொன்னதுண்டா. மயிலாகவோ மரமாகவோ மாறாமல் காலையில் எழுந்ததும் தஸ்நேவிஸாகவே எழுந்திருக்கிறோமே, அதற்கு எத்தனை கோடிப் பேர் தூங்காமல் இருந்திருக்க வேண்டும். அன்றிலிருந்துதான் ஊசி போட்ட இடத்தை லேசாகத் தடவிக்கொடுக்கிற பழக்கம் வந்தது. கொரற்றி பார்த்துவிட்டு, "என்ன, பிள்ளத்தாச்சி மாதிரி வயித்தத் தடவுதிய?" என்று சிரித்தாள்.

ஆனால் கணையத்துக்கு மட்டுமா மறதி. ஷெட்டில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டும் பெல்ட் மாட்டிக்கொண்டும் இருக்கிற மனிதனை யார் டிரைவர் என்று சொல்லுவார்கள். முதல் மாதம் பயல்கள் "டிரைவரண்ணே" என்றார்கள், பிறகு "அண்ணே", பிறகு "ஷெட்டு அண்ணாச்சி". ஒருநாள் யாரோ புது ஆள், "என்ன தொழில் அண்ணாச்சி?" என்று கேட்டபோது "பஸ் கம்பெனியில இருக்கேன்," என்றார். டிரைவர் என்று வாயில் வரவில்லையே என்ற பயம் அன்றைக்கு முழுக்க இருந்தது. அதைவிட அந்த ஹார்ன். பொற்கொடியை இப்போது ஓட்டுகிற கனகவேல், முப்பது வயது இருக்காது, பழையகாயலில் அவருடைய தெரு முக்கில் வரும்போதெல்லாம் ஹார்ன் அடிப்பான். இரண்டு சின்னது, ஒன்று நீளம். அது தஸ்நேவிஸின் ஹார்ன். டூட்டிக்குப் போகும் நாளெல்லாம் அந்த முக்கில் கொரற்றிக்காக அவர் அடித்த ஹார்ன், அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்ப்பதற்காக. என் சீட்டில் உட்கார்ந்துகொண்டு என் ஹார்னையே என் வாசலில் அடிக்கிறானே, எவ்வளவு கொழுப்பு அவனுக்கு. தலையணையை எடுத்துக் காதில் அமுக்கிக்கொண்டு கனகவேலின் ஏழு தலைமுறையையும் திட்டியிருக்கிறார். திட்டும்போதே வலது கால் பாயில் பிரேக்கை மிதிக்கும், முக்கில் ஒரு வேகத்தடை இருக்கிறது, அங்கே மிதித்தாக வேண்டும். இப்போதும், இந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில், வெளியே திருச்செந்தூர் ரோட்டில் ஆட்டோ ஒன்று கிறீச்சென்று நிற்கவும் அவர் வெறும் கால் சிமெண்டுத் தரையை அழுத்தியது. காலுக்காவது ஞாபகம் இருக்கிறதே என்று காலைப் பார்த்தார்.

கதவு திறந்து அந்த ரத்தம் எடுத்த பெண் வெளியே வந்தாள், இசக்கியம்மாள் என்று சட்டையில் பேர் குத்தியிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணாச்சி, மொதோ ரத்தத்துக்கு ரிசல்ட் வந்துட்டு. போன வருசத்தவிட நல்லா ஏறியிருக்கு. டாக்டரம்மாட்ட சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பரிசோதனை என்ன என்று அமலி சொல்லியிருந்தாள், செல் இன்சுலின் செய்யும்போது கூடவே ஒரு வால் மாதிரித் துண்டு கழன்று விழுமாம், ஊசி மருந்தில் அந்த வால் கிடையாது, ஆகவே ரத்தத்தில் வாலை எண்ணினால் உள்ளே இருப்பவன் எவ்வளவு வேலை செய்கிறான் என்று தெரிந்துவிடும். வால் கூடியிருக்கிறது. எழுந்திருச்சிட்டாங்க, ஐயா, எழுந்திருச்சிட்டாங்க. கண் கலங்கிவிட்டது. கொரற்றியை உலுக்கப் போன கை பாதியில் நின்றது. நாக்கு மறுபடி மேலண்ணத்துக்குப் போனது. அப்பம். வயிற்றில் கோதுமை விழுந்ததால்தான் வால் கூடியதோ. அப்படியானால் இது உள்ளே இருப்பவர்களின் வேலை இல்லை, அப்பத்தின் வேலை. அற்புதம் என்று வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாமே என்று ஒரு குரல் சொன்னது, ஆண்டவரே கொடுத்த மார்க்கை நீ ஏன் திருப்பிக் கொடுக்கிறாய். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். ஊசியை நிறுத்துவார்கள், முதலாளி சாவியைக் கொடுப்பார், பொற்கொடி கிளம்பும், முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, பாலம். பாலத்தில் கைப்பிடிச் சுவர் மறுபடி இரண்டாகத் தெரிந்தால். மருந்து இல்லாமல் சர்க்கரை ஏறிக் கண் மங்கினால். எல்லா நாளும் உடன்குடிக்காரி ஓலைப் பெட்டியோடு முன் சீட்டில் இருப்பாளா. அந்தக் கைக்குழந்தை. அந்தக் குழந்தை தாய் மடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது அன்று அவருக்குத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் தெரிந்தது, இப்போதும் தெரிகிறது. இல்லை, பொய்யாக வந்த மார்க்கில் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

"ஏட்டி," என்றார். கொரற்றி கண்ணைத் திறந்தாள். "நாம காலையில நன்மை எடுத்தோம்லா." அவள் "ஆமா" என்றாள், ஆமா என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் முகத்தில் ஈயாடவில்லை, கை செபமாலையோடு வாய்க்குப் போனது. "அய்யோ மாதாவே. நான் பிஸ்கட்டல்லா ஒளிச்சு வச்சேன்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பயத்துக்கு நடுவில் எங்கிருந்தோ வந்த சிரிப்பு. "போய்ச் சொல்லிட்டு வாரேன். வேண்டாம்னா இன்னொரு நாள் வரச் சொல்லுவாக," என்றார். "சொல்லிருங்க," என்றாள் அவள் உடனே, "நம்மளால ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னா தாங்க முடியாது." அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே ரோட்டில் பொற்கொடியின் இஞ்சின் சத்தம் கேட்டது, எத்தனை பஸ்ஸுக்கு நடுவிலும் அவருக்கு அது தனியாகக் கேட்கும். ஹார்ன் இல்லை, சும்மா போய்விட்டது. "இங்கன அடிக்க மாட்டான், நம்ம தெரு முக்குலதான் நக்கலா அடிப்பான்," என்றார் தஸ்நேவிஸ் கசப்போடு. கொரற்றி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நக்கலா? பேச்சிமுத்துத் தம்பிதான் அந்தப் பையன்ட்ட சொல்லி வச்சிருக்கு. அண்ணன் திரும்பி வார வரைக்கும் அந்த முக்குல அண்ணன் அடிக்கிற மாதிரியே அடிக்கணும், ஒருநாளும் விடக் கூடாதுன்னு. அந்தப் பையன் காச்சலோட வந்த அன்னைக்கும் அடிச்சான்." "உனக்குத் தெரியுமா?" "மொதல்லேருந்து தெரியும்." "ஏட்டி, ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" "சொன்னா நீங்க அவன்கிட்டப் போயி எனக்கொண்ணும் வேண்டாம்னு நிப்பாட்டியிருப்பிய," என்று சொல்லிவிட்டுக் கொரற்றி செபமாலையில் விட்ட மணியைத் தேட ஆரம்பித்தாள்.

அந்த முக்கைக் கடக்கும்போதெல்லாம், தினமும், இரண்டு சின்னது ஒன்று நீளம். அவர் தலையணையை அமுக்கிக்கொண்டு கிடந்த காலையிலும். பொட்டு அழியும், திருப்பி வைக்கணும் என்று அமலி சொன்னாளே. கால் பாயில் பிரேக்கை மிதித்ததே, அது சும்மா மிதிக்கவில்லை, எவனோ தினமும் கூப்பிட்டு மிதிக்க வைத்திருக்கிறான். கொரற்றிகூட அவருடைய காக்கிச் சட்டையைப் பெட்டியில் போட்டு மூடவில்லை, வாரம் தவறாமல் துவைத்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிக்கொண்டேயிருந்தாள், போடாத சட்டையை எதற்குத் துவைக்கிறாள், இவளுக்குப் பைத்தியமா என்று அதற்கும் ஒருநாள் எரிந்து விழுந்திருக்கிறார். இவ்வளவு பேரைச் சுற்றிலும் நிற்க வைத்துக்கொண்டா நான் தனியாக் கிடந்து செத்தேன். தனசிங் முதலாளிகூட, ஷெட்டில இரு என்றாரே, வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லையே. கனகவேலின் ஏழு தலைமுறையிடமும் மனசுக்குள் ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டர் ஹமீதாவின் அறைக் கதவைத் தட்டினார்.

டாக்டர் ஹமீதா காயல்பட்டினத்துக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். தஸ்நேவிஸ் நின்றுகொண்டே சொன்னார், முதலில் பூசையைச் சொல்லி, பிறகு நன்மையைச் சொல்லி, பிறகு அது ஆண்டவர்தான் ஆனாலும் கோதுமையிலதான் செய்வாங்க டாக்டரம்மா என்று சொல்லி வேர்த்துப்போனார். ஹமீதா சிரிக்கவில்லை. "எவ்வளவு பெருசு இருக்கும்?" என்று கேட்டார். அவர் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். "கனம்?" "காகிதம் மாதிரி, நாக்குல வச்சா கரைஞ்சிரும்." அதற்கப்புறம்தான் ஹமீதா சிரித்தார். "உக்காருங்க. நோன்பு மாசத்துல எங்காளுங்க வந்து, ரத்தம் எடுத்தா நோன்பு முறிஞ்சிருமா, ஊசி போட்டா முறிஞ்சிருமான்னு என்னப் போட்டு எடுப்பாங்க. நீங்க தலைகீழா வந்து நிக்கிறீங்க. அந்த அளவு கோதுமைக்கு இந்த நம்பர் ஏறாது. இருந்தாலும் சொன்னீங்க பாருங்க, அது நல்லது. மொதோ நம்பர நான் கணக்குல எடுக்கல, வேணும்னா பின்னால ஒருநாள் எடுத்துக்குவோம். எனக்கு முக்கியம் ரெண்டாவது ரத்தம். அதுலதான் பாரம் ஏத்தினா இழுக்குதான்னு தெரியும். நீங்க டிரைவர், உங்களுக்குச் சொல்லணுமா?" தஸ்நேவிஸ் தலையை ஆட்டினார். டிரைவர் என்று அவர் சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நாற்காலிக்கு வந்தார், மீதி நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. இசக்கியம்மாள் இரண்டாவது ரத்தம் எடுத்தபோது அவர் ஊசியைப் பார்க்கவில்லை, பஞ்சு வைத்த இடத்துக்குக் கீழே எங்கேயோ, தொப்புளுக்கு மேலே, முதுகுப் பக்கமாக, அமலி படம் வரைந்து காட்டிய இடத்தில் இருப்பவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். ஏலேய், முடிஞ்சதச் செய்யுங்க. முடியலைன்னாலும் பரவாயில்ல. இவ்வளவு நாள் நின்னதுக்கே நான் கையெடுத்துக் கும்பிடணும்.

இழுத்திருந்தது. முழு இழுவை இல்லை, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிற மாதிரித்தான், ஆனாலும் இழுத்திருந்தது. ஹமீதா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காலை ஊசிய நிறுத்திப் பாப்போம், ராத்திரி ஊசி இருக்கட்டும். உங்க செல்லு செத்துப் போகல, ஓய்வு கிடைச்சதும் வேலைய ஞாபகம் வச்சு ஆரம்பிச்சிருக்கு. ஸ்டியரிங் இப்ப கிடையாது. இது நிலைச்சு ராத்திரி ஊசியும் நிக்குதான்னு சில மாசம் பாத்துட்டு நானே உங்க முதலாளிக்கு எழுதித் தாரேன்," என்றார். கொரற்றி டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து தஸ்நேவிஸ் பெங்களூருக்குப் போன் போட்டார், "எழுந்திருச்சிட்டாங்க மக்களே," என்றார். அந்தப் பக்கம் அமலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மறுபடி லட்டு தின்னீங்கன்னா வந்து அடிப்பேன்," என்றாள்.

ரோட்டோரம் நின்று, திருச்செந்தூர் போய்த் திரும்பி வந்து மறுபடி கிளம்பிய பொற்கொடியில்தான் ஏறினார்கள். வேறு வண்டி இரண்டு போனது, அவர் ஏறவில்லை. பேச்சிமுத்து, "என்னண்ணே, என்ன சொன்னாக?" என்று படிக்கட்டிலேயே கேட்டு, பதிலை அவர் முகத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் கிழிக்காமல் முன்னால் கூட்டிப்போய் இஞ்சின் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தான். கனகவேல் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டான். இவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தஸ்நேவிஸ் முள்ளக்காடு வரைக்கும் யோசித்தார், உப்பளம் முடியும் வரைக்கும் யோசித்தார், கடைசியில் வாயில் வந்தது, "மூணாவது கியர் உறுமுதே, கிளச்ச முழுசா மிதிக்கியாடே?" என்பதுதான். "சரியண்ணாச்சி," என்று கனகவேல் அழுத்தி மிதித்தான், உறுமல் நின்றது. பழையகாயல் வந்தது, கோயில் கோபுரம் வந்தது, தெரு முக்கும் வேகத்தடையும் வந்தன. தஸ்நேவிஸின் கால் மிதித்தது, கனகவேலின் காலும் மிதித்தது. ஹார்ன் சத்தம் வரவில்லை. "ஏன் அடிக்கல?" என்றார் அவர். பேச்சிமுத்து பின்னாலிருந்து, "நீங்கதான் உள்ள இருக்கியளேண்ணே, யாருக்கு அடிக்க?" என்று சிரித்தான். "ஒருநாளும் விடக் கூடாதுடே," என்றார் தஸ்நேவிஸ், "நீங்கல்லாம் இல்லைன்னா நான் என்னைக்கோ மறந்துருப்பேன்." கனகவேல் வண்டியை முக்கில் நிறுத்தி, ஹார்ன் பொத்தான் மேலிருந்த கையை எடுத்து, "நீங்களே அடிங்க அண்ணாச்சி," என்று சற்று ஒதுங்கிக்கொண்டான். தஸ்நேவிஸ் எழுந்து, காலையில் ஊசி குத்திய கையை நீட்டினார். இரண்டு சின்னது, ஒன்று நீளம். கொரற்றி பழக்கத்தில் பஸ்ஸுக்குள்ளேயே நின்றபடி ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தாள்.